பந்தை விட்டது பையன், கொடுத்தது யார்?

பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, காபியோடு உட்கார்ந்து பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒருவர் ஒரு வீடியோ போட்டிருந்தார். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஒரு பையன் கடைசி நேரத்தில் பந்தை நழுவவிடுகிறான். ‘ஒரே ஒருத்தன் ஒரு டீமையே காலி பண்ணிட்டான்’ என்று மேலே எழுதியிருந்தார். கீழே வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள். சிரித்தவர்களில் நான்கு பேர் இன்று ஆசிரியர்கள், இரண்டு பேர் கம்பெனியில் மேனேஜர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பையனைப் பார்த்து நீங்கள் சிரித்தது தவறு. ஏன் தவறு என்று வரிசையாகச் சொல்கிறேன். மறுப்பு இருந்தால் கமெண்டில் எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

“டீச்சருக்கு அமெரிக்க ஃபுட்பாலைப் பற்றி என்ன தெரியும்?” என்று சிலர் கேட்பீர்கள். மகள் வீடு அட்லாண்டாவில். மாப்பிள்ளை ஜார்ஜியா டெக்கில் எம்.எஸ். படித்தவர். இரண்டு முறை ஆறாறு மாதம் அங்கே இருந்தேன். சனிக்கிழமை ஆனால் அந்த வீட்டில் டிவியில் வேறு எதுவும் ஓடாது. முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு நோட்டுப் போட்டு விதிகளை எழுதிக்கொண்டேன். இடைநிலை ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே, தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்டு, புரிந்த பிறகே வாயைத் திறக்க வேண்டும் என்பதுதான்.

விதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. ஒவ்வொரு வாய்ப்பிலும் என்ன செய்வது, ஓடுவதா, எறிவதா, யாரிடம் கொடுப்பது என்பதைப் பெரும்பாலும் மைதானத்துக்கு வெளியே நிற்கும் கோச்தான் சொல்லி அனுப்புவார். இதற்குத்தான் பிளே சொல்வது என்று பெயர். ஆட்டம் 15 நிமிடக் கால் பகுதிகள் நான்கு, மொத்தம் 60 நிமிடம். இன்னொரு விஷயம் முக்கியம். பந்து வைத்திருப்பவர் மைதானத்துக்குள்ளேயே விழுந்தால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்த பிளேயைத் தொடங்க 40 வினாடி வரை எடுத்துக்கொள்ளலாம். எதிரணி கையில் டைம்-அவுட் இருந்தால் மட்டுமே கடிகாரத்தை நிறுத்த முடியும்.

இதிலிருந்து ஒரு வழி பிறக்கிறது. முன்னிலையில் இருக்கிறீர்கள், பந்து உங்களிடம், எதிரணியிடம் டைம்-அவுட் இல்லை, கடிகாரத்தில் 40 வினாடிக்கும் குறைவு. அப்போது குவாட்டர்பேக் பந்தை வாங்கி அங்கேயே ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றினால் போதும். அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது. இதை மண்டியிடுதல் என்கிறார்கள்.

நம் சடுகுடுவில் இது உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு புள்ளி முன்னிலை, கடைசி ரெய்டு நம்முடையது. புத்தியுள்ளவள் என்ன செய்வாள்? பாடிக்கொண்டே போவாள், தாண்ட வேண்டிய கோட்டைத் தாண்டுவாள், யாரையும் தொடாமல் திரும்பி வருவாள். கூட்டம் கை தட்டாது. ஆனால் கோப்பை நம் பஸ்ஸில் ஏறும்.

இப்போது அந்த வீடியோவுக்கு வருவோம்.

2023 அக்டோபர் 7. மயாமி பல்கலைக்கழகம், ஜார்ஜியா டெக். ஆட்டம் மயாமியின் சொந்த மைதானத்தில். மயாமி அதுவரை நான்கு ஆட்டம் ஆடி நான்கிலும் வென்ற அணி, தேசியத் தரவரிசையில் 17-வது இடம். ஜார்ஜியா டெக் அதற்கு முந்தின வாரம்தான் பவுலிங் கிரீன் என்ற சிறிய அணியிடம் தோற்று நொந்து வந்திருந்தது. கடைசிக் கட்டத்தில் மயாமி 20-17 என்று முன்னிலை. பந்து மயாமியிடம். மூன்றாவது வாய்ப்பு. கடிகாரத்தில் அரை நிமிடத்தை ஒட்டிய நேரம். ஜார்ஜியா டெக்கிடம் டைம்-அவுட் ஒன்றும் மிச்சமில்லை.

ஒரு முறை மண்டியிட்டால் மயாமிக்கு ஐந்தாவது வெற்றி. ஆனால் ஓடச் சொன்னார்கள். பந்தை வாங்கி ஓடிய பையனை நாலு பேர் சேர்ந்து பிடித்தார்கள். பந்து நழுவியது. அவன் தரையில் விழுந்த பிறகு நழுவியதா, அதற்கு முன்பா என்று நடுவர்கள் வீடியோ பார்த்து, கடைசியில் ஜார்ஜியா டெக் பந்துதான் என்று உறுதி செய்தார்கள். அப்போது மிச்சம் 26 வினாடி. அந்த 26 வினாடியில் அவர்கள் 74 கஜம் கடந்தார்கள். கடைசி எறி 44 கஜம். டச் டவுன். 23-20. எங்கள் மாப்பிள்ளை அணி ஜெயித்த ஆட்டம் இது. இன்றைக்கும் அந்த வீட்டில் அதைப் பேசிப் பேசிச் சந்தோஷப்படுவார்கள்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். ஆனால் தாழியை உடைத்தது யார்?

அந்தப் பையனுடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. பிளே சொல்லும் ஹெட்செட் அவன் காதில் இல்லை. அப்போது ஹெல்மெட்டுக்குள் கோச் பேசும் கருவிகூடக் கல்லூரி ஆட்டத்தில் பொது வழக்கமாகவில்லை. 2024 சீசனில்தான் வந்தது. வெளியிலிருந்து கையால் காட்டுவார்கள், படம் போட்ட அட்டையைத் தூக்கிப் பிடிப்பார்கள். அதைப் பார்த்து ஆட வேண்டியதுதான் பையன்களுடைய வேலை. அவனிடம் பந்தைக் கொடுத்தார்கள், அவன் ஓடினான். எழுத வேண்டிய பெயர் தலைமை கோச் மரியோ கிறிஸ்டோபால். பத்து வருட ஒப்பந்தம், எண்பது மில்லியன் டாலர் என்று பத்திரிகைகளில் வந்தது. அந்தப் பணம் எதற்கு? பையனை விட வேகமாக ஓடுவதற்கா? அந்த அரை நிமிடத்தில் யோசிப்பதற்குத்தானே?

இங்கே ஒரு சின்னக் கணக்கு போடுவோம். நான்காம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

ஓடி பத்து கஜம் கிடைத்தால் என்ன லாபம்? வெற்றி. ஓடி ஒரு கஜம்கூடக் கிடைக்காமல் விழுந்தால்? அப்போதும் வெற்றி, கடிகாரம் ஓடிவிடும். ஓடாமல் மண்டியிட்டால்? அதே வெற்றி. ஆக, ஓடுவதால் கூடுதலாகக் கிடைப்பது பூஜ்யம். டச் டவுனே அடித்தாலும் பிரயோஜனம் இல்லை. அடித்தால் பந்தை மறுபடி எதிரணியிடம் கொடுக்க வேண்டியிருக்கும். இன்னொரு பக்கம், ஓடினால் பந்து நழுவ ஒரு வாய்ப்பு உண்டு. அது நூற்றில் ஒன்றோ, இருநூற்றில் ஒன்றோ, எவ்வளவு சின்னதாகவும் இருக்கட்டும். லாபம் பூஜ்யமாக இருக்கும்போது எந்த அளவு ஆபத்தும் அதிகம்தான். இந்தக் கணக்கை அந்தப் பையன் போட வேண்டியதில்லை. சம்பளம் வாங்குகிறவர் போட வேண்டியது.

“டீச்சர், பந்தை இரண்டு கையால் கட்டிப்பிடிக்க வேண்டியது அவன் பொறுப்பு இல்லையா?” என்று கேட்கலாம். பொறுப்புதான். நான் மறுக்கவில்லை. அவனுக்குப் பத்துக்கு ஆறு மதிப்பெண் போடுங்கள். ஆனால் அந்தக் கேள்வியே தாளில் வந்திருக்கக் கூடாது. பாடத்தில் இல்லாத கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் எழுதாத பிள்ளையைப் பெயிலாக்கினால் அதை ஏற்பீர்களா? திருத்தும் முகாமில் நாம் என்ன செய்வோம்? கேள்வி தவறு என்றால் எழுத முயன்ற எல்லாருக்கும் மதிப்பெண் கொடுப்போம். கேள்வித்தாள் தயாரித்தவரைப் பார்த்துத்தான் விளக்கம் கேட்போம்.

“யாருக்கும் ஒருமுறை தவறும் டீச்சர்” என்பீர்கள். ஒருமுறை என்றால் நானும் விட்டிருப்பேன். கேளுங்கள்.

2018 செப்டம்பர் 22. இதே கோச், அப்போது ஓரிகன் அணியில். எதிரே ஸ்டான்போர்டு. முதல் பாதி முடியும்போது ஓரிகன் 24-7. மூன்றாம் கால் பகுதியில் எதிரணியின் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார்கள். அடித்திருந்தால் 31-7. அங்கே பந்து தவறி, ஸ்டான்போர்டு வீரர் 80 கஜம் ஓடி டச் டவுன் போட்டார். அப்படியும் ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் ஓரிகன் 31-28 என்று முன்னிலை. பந்து ஓரிகனிடம். ஓடச் சொன்னார்கள். பந்து நழுவியது. ஸ்டான்போர்டு சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 38-31 என்று வென்றது.

அந்த ஆட்டத்தில் மண்டியிட்டே முழு நேரத்தையும் தீர்த்திருக்க முடியாது, சில வினாடிகள் மிச்சம் இருந்திருக்கும் என்று ஒரு வாதம் எழுந்தது. நியாயமான வாதம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐந்து வருடம் கழித்து மயாமியில் அந்தச் சாக்குக்கூட இல்லை. ஒரே ஒரு முழங்கால் போதும். தான் ஏற்கெனவே பட்ட அடியின் தழும்பு உடம்பில் இருக்கும்போதே மறுபடி அதே கல்லில் போய் இடித்துக்கொண்டார். என் வகுப்பில் ஒரு பையன் ஒரே தப்பை இரண்டாம் முறை செய்தால் நூறு தடவை எழுத வைப்பேன். உங்களில் எழுதினவர்கள் இருக்கிறீர்கள், பெயர் சொல்ல வேண்டாம்!

சரி, துணிச்சல் அதிகமான மனிதர், அதனால்தான் ஓடச் சொன்னார் என்று வாதாடலாம். அதற்கும் ஒரு உதாரணம் இருக்கிறது. 2024 நவம்பர் 30. மயாமி, சிரக்யூஸ். மயாமி 21-0 என்று முன்னிலை எடுத்தது. அதன் பிறகு எல்லாம் தலைகீழ். ஆட்டம் முடிய நான்கு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது 42-35, ஏழு புள்ளி பின்னால். எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு வெகு அருகில் நான்காவது வாய்ப்பு. பந்தை எறியக் கையில் இருந்தவர் கேம் வார்ட். அடுத்த ஆண்டு நாட்டின் தொழில்முறை அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். அப்பேர்ப்பட்டவரை வைத்துக்கொண்டு அங்கே டச் டவுனுக்குப் போகவில்லை. மூன்று புள்ளிக்கு உதைத்தார்கள். 42-38. அதற்குப் பிறகு பந்து மயாமியிடம் திரும்பி வரவே இல்லை. சிரக்யூஸ் கடிகாரத்தை ஓட்டி முடித்தது. மாநாட்டு இறுதிப் போட்டிக்குப் போகும் வாய்ப்பும் அதோடு போயிற்று.

உட்கார வேண்டிய இடத்தில் ஓட்டம், ஓட வேண்டிய இடத்தில் உட்காருதல். இதை எப்படித் துணிச்சல் என்பது? கடிகாரத்தையும் புள்ளியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை என்றுதான் சொல்ல முடியும். முதல் பாதியில் பயன்பட்ட புத்தி இரண்டாம் பாதிக்கு அப்படியே பொருந்தாது. முதல் பாதியில் நேரம் எல்லாருக்கும் பொது. இரண்டாம் பாதியில் முன்னால் இருப்பவருக்கு நேரம் நண்பன், பின்னால் இருப்பவருக்கு எதிரி. நாம் என்ன செய்வோம்? ஜூன் மாதத்தில் புதுப் பாடம், மார்ச் மாதத்தில் மீள்பார்வை. பரீட்சைக்கு முதல் நாள் புதுப் பாடம் தொடங்கும் ஆசிரியரை சுறுசுறுப்பானவர் என்று யாரும் பாராட்ட மாட்டார்கள்.

கிறிஸ்டோபால் திறமையில்லாதவர் என்று நான் சொல்லவில்லை. மயாமியிலேயே ஆடி 1989-லும் 1991-லும் பட்டம் வென்ற அணிகளில் இருந்தவர். நல்ல பிள்ளைகளைத் தேடிப் பிடித்து அணி கட்டுவதில் பெயர் எடுத்தவர். அந்த 2024 சீசனில்கூட பத்து ஆட்டம் வென்றவர். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜார்ஜியா டெக் ஆட்டம் முடிந்ததும், மண்டியிட்டிருக்க வேண்டும் என்று அவரே பத்திரிகையாளர்களிடம் ஒப்புக்கொண்டார். கோச்சே தன் தவறு என்று சொல்லிவிட்ட பிறகு, கடல் தாண்டி உட்கார்ந்திருக்கும் நீங்கள் ஏன் பையனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள்?

“குவாட்டர்பேக் தானாகவே மண்டியிட்டிருக்கலாமே?” இதுவும் ஒருவர் கேட்டது. இதற்குப் பதில் 1978-ல் இருக்கிறது. நவம்பர் 19, நியூயார்க் ஜயன்ட்ஸ், பிலடெல்ஃபியா ஈகிள்ஸ். இது தொழில்முறை ஆட்டம். ஜயன்ட்ஸ் 17-12 முன்னிலை, அரை நிமிடம் மிச்சம், எதிரணியிடம் டைம்-அவுட் இல்லை. அப்படியே மயாமி நிலைமை. மேலிருந்து ஓட்டப் பிளே வந்தது. வேண்டாம் என்று கூட ஆடியவர்களே சொன்னார்கள். ஆனால் குவாட்டர்பேக் ஜோ பிசார்சிக் முந்தின வாரம்தான் சொன்ன பிளேயை மாற்றியதற்காகத் திட்டு வாங்கியவர் என்று சொல்வார்கள். மறுபடி மீற அவருக்குத் தைரியம் வரவில்லை. பந்தைக் கைமாற்றும்போது தவறியது. ஈகிள்ஸ் வீரர் ஹெர்மன் எட்வர்ட்ஸ் அதை எடுத்துக்கொண்டு ஓடி டச் டவுன் போட்டார். 19-17. மறுநாளே அந்தப் பிளேயைச் சொன்ன பயிற்சியாளரை வேலையை விட்டு அனுப்பினார்கள். அதற்குப் பிறகுதான் மண்டியிடுவதற்கென்றே தனி அணிவகுப்பு எல்லா அணிகளுக்கும் வழக்கமாயிற்று.

கேள்வி கேட்டால் திட்டுவோம் என்று பழக்கிவிட்டு, நெருக்கடி வரும்போது “நீயே யோசித்திருக்கக் கூடாதா?” என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

இதெல்லாம் எங்கோ அமெரிக்காவில் நடந்தது, நமக்கென்ன என்று விடமாட்டேன். பல வருடம் முன்பு வட்டார அளவிலான பெண்கள் கபடிக்கு நம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு புள்ளி முன்னிலை. கடைசி ரெய்டு நம்முடையது. கோட்டுக்கு வெளியே நின்ற பயிற்சியாளர் “பாயின்ட் எடு! பாயின்ட் எடு!” என்று கத்தினார். எட்டாம் வகுப்புப் பிள்ளை, சொன்னதைக் கேட்டுத் தொடப் போனாள், பிடிபட்டாள். சமநிலை. கூடுதல் நேரத்தில் தோற்றோம். திரும்பி வரும் வழியெல்லாம் அவளைத்தான் எல்லாரும் பேசினார்கள், பயிற்சியாளர் உட்பட. “நீங்க சொல்லித்தானே சார் போனா?” என்று நான் கேட்டபோது பஸ் அமைதியானது. ஆனால் அவள் மறுவருடம் கபடிக்குப் பெயர் கொடுக்கவே இல்லை. கேட்டதற்கு, “வேணாம் டீச்சர், என்னாலதான் தோத்துச்சு” என்றாள். நல்ல வேகம் உள்ள பிள்ளை. அந்த ஒரு தோல்வி அவளைப் பிடித்து நிறுத்திவிட்டது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நம் ஊரில் ஆட்டுவிக்கத் தெரியாதவர்களும் ஆடுகிறவர் கால் கோணல் என்றே சொல்கிறார்கள். பள்ளித் தேர்ச்சி விகிதம் குறைந்தால் பிள்ளைகள் மேல் பழி. பாதி வருடம் ஆசிரியர் இல்லாமல் கிடந்த வகுப்பு என்று யாரும் பேசமாட்டார்கள். கம்பெனியில் ப்ராஜெக்ட் தவறினால் கடைசியாக கம்ப்யூட்டரைத் தொட்ட பையன் மேல் பழி. ராத்திரி இரண்டு மணிக்கு அதை மாற்றச் சொன்னவர் யார் என்று யாரும் பேசமாட்டார்கள். உங்களில் பலர் அந்தக் கடைசிப் பையனாக இருந்து அடி வாங்கியவர்கள். எனக்குப் போன் போட்டு அழுதவர்களும் உண்டு. அப்படியிருக்க, உங்களுக்கு எப்படிச் சிரிப்பு வந்தது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

அந்தக் கல்லூரிப் பையன்கள் அப்போது பல்கலைக்கழகத்திடம் சம்பளம் வாங்கி ஆடியவர்கள் இல்லை. விளம்பரத்தில் சம்பாதிக்க 2021-ல்தான் அவர்களுக்கு அனுமதியே கிடைத்தது. இருபது, இருபத்தொரு வயது. டிவியில் நாடே பார்க்கிறது. பந்து நழுவிய அந்த ஒரு நொடியை வாழ்நாள் முழுக்க யாராவது ஒருவர் எங்காவது போட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்த யாராவது ஒருவர் என் மாணவராக இருக்க வேண்டாம்.

சொல்ல வந்தது இரண்டே விஷயம்.

ஒன்று, பிளே சொல்லும் இடத்தில் இருக்கிறவர்களுக்கு. வகுப்பறையாக இருந்தாலும் ஆபீஸாக இருந்தாலும், வேலை முடியும் தறுவாயில் ஒருவரிடம் ஒன்றைச் செய்யச் சொல்லும் முன் கேளுங்கள்: இதைச் செய்தால் கூடுதலாக என்ன கிடைக்கும்? ஒன்றும் இல்லை என்றால் செய்யச் சொல்லாதீர்கள். மண்டியிடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. உங்கள் வீரத்தைக் காட்டிக்கொள்ள அடுத்தவர் வீட்டுப் பிள்ளையின் கையில் பந்தைக் கொடுக்காதீர்கள்.

இரண்டு, வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு. ஒருவர் கையிலிருந்து பந்து நழுவும்போது அந்தக் கையை மட்டும் பார்க்காதீர்கள். வீடியோவைப் பத்து வினாடி பின்னால் தள்ளி, கோட்டுக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்றும் பாருங்கள்.

வீடியோ போட்டவர் அதை எடுத்துவிடுவார் என்று நம்புகிறேன். எடுக்காவிட்டாலும் கோபம் இல்லை. அடுத்த முறை ஊருக்கு வரும்போது நேரில் பேசிக்கொள்ளலாம். மாப்பிள்ளை, நீங்களும் படித்துவிட்டு லைக் மட்டும் போட்டுப் போய்விடாதீர்கள். விதியில் எங்காவது பிழை இருந்தால் சொல்லுங்கள்.

எல்லாரும் நலமாக இருங்கள். வெயில் அதிகம், தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்